வீமனுக்குப் பல் தீட்டிய தொண்ணூறு நாள்

தை மாதக் கடைசியில் ஒரு காலை, எங்கள் நாய் வீமனின் இடது கண்ணுக்குக் கீழே பாக்களவு வீக்கம் இருப்பதை முதலில் கண்டவள் என் மகள். குளவி கொட்டியிருக்கும் என்று நினைத்தோம். பட்டறைக் கூரையில் குளவிக்கூடு ஒன்று இருந்தது. மாமி மஞ்சள் அரைத்துப் பூசினார். மூன்றாம் நாள் வீக்கம் தானாகவே உடைந்து சீழ் வடிந்தது. முகம் பழையபடி ஆனது, நாங்களும் மறந்துவிட்டோம். பத்து நாள் கழித்து அதே இடத்தில், அதே அளவில் மீண்டும் எழும்பியது.

அந்த இரண்டாவது வீக்கம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. நாய்க்குக் கண்ணின் கீழே வீங்கினால் முதலில் வாயைத்தான் பார்க்க வேண்டும். மேல்வரிசையில் உள்ள பெரிய கொடுப்புப் பல்லின் வேர் கண்ணுக்குச் சற்றுக் கீழே போய் முடிகிறது. வேர் நுனியில் சீழ் கட்டினால், அது வெளியேற வழி தேடிக் கன்னத் தோலை அந்த இடத்தில்தான் உடைக்கும். உடைந்ததும் வீக்கம் வற்றும், வேரில் உள்ள நோய் அப்படியே இருக்கும். மஞ்சளும் களிம்பும் அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை.

நான் கல்முனையை அடுத்த பாண்டிருப்பில் தச்சு வேலை செய்பவன். கதவு, ஜன்னல், கட்டில், இடையிடையே தோணிப் பழுது. ஏழு வருடங்களுக்கு முன் திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயம் என்னும் தீமிதிப்பு நடந்த புரட்டாதி மாதத்தில், எங்கள் வாசலில் வந்து படுத்த குட்டி வீமன். பதினெட்டு நாளும் கோயிலில் பாரதக் கதை கேட்டுவந்த மாமிதான் அந்தப் பெயரை வைத்தார். சாதாரண ஊர் நாய், மண்ணிறம், பதினெட்டுக் கிலோ. இரவில் பட்டறை மரங்களுக்குக் காவல் அவன்தான்.

பிழை என்னுடையது. போன ஐப்பசியில் அவன் வாய் நாறத் தொடங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இடது பக்க மேற்பற்களில் காரை, தோணியடியில் சிப்பி ஒட்டுவது போலத் தடித்துக் கிடந்தது. வலது பக்கம் அதில் கால்வாசிகூட இல்லை. சிப்பி சுரண்டிப் பழகிய கை எனக்கு. மெல்லிய உளியின் முனையைக் காரையின் விளிம்பில் வைத்து அழுத்தினேன். ஒரே துண்டாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. சுண்ணாம்புக் கல் போன்ற பாரம், அழுகிய மணம். அதன் கீழே வெள்ளைப் பல் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நம்பினேன்.

அந்த வெள்ளைப் பல்லில் இரண்டு விஷயங்கள் இருந்தன. வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு தகடு பெயர்ந்த வடு. அந்த வடுவின் நடுவில் மிளகில் பாதியளவுக் கரும்புள்ளி. கறை என்று எண்ணி விட்டுவிட்டேன். மரத்தில் அப்படி ஒரு புள்ளியைக் கண்டால் உளுத்துப்போனதா என்று குத்திப் பார்க்காமல் விடமாட்டேன். நாயின் பல்லில் பார்க்கத் தோன்றவில்லை.

மயக்கம் கொடுத்துப் பல் வைத்தியம் செய்யும் வசதி உள்ள இடத்தை விசாரித்து, முச்சக்கரவண்டி பேசி மட்டக்களப்புக்குக் கொண்டுபோனோம். கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர். களுவாஞ்சிகுடி தாண்டும்வரை வீமன் மகளின் மடியில் தலையை வைத்து நடுங்கிக்கொண்டே வந்தான். மிருக வைத்தியர் இளம் பெண். வாயைப் பார்த்த உடனே அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, இவனுக்கு எலும்பு கொடுப்பீர்களா?"

"ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கால் எலும்பு கொடுப்போம், டொக்டர். பல்லுக்கு நல்லது என்று சொன்னார்கள்."

"அதுதான் இந்தப் பல்லைப் பிளந்திருக்கிறது."

நாய் எதையும் கடித்து நொறுக்குவது மேலே உள்ள நான்காவது முன்கடைவாய்ப் பல்லாலும், அதற்கு எதிரே கீழே உள்ள முதல் கடைவாய்ப் பல்லாலும். இரண்டும் கத்தரிக்கோலின் இரு அலகு போல உரசி வெட்டும். கடினமான எலும்பை அங்கே வைத்து நெரிக்கும்போது மேற்பல்லின் வெளிப்பக்கம் தகடாகப் பெயரும். உள்ளே உயிருள்ள சதை திறந்துபோகும். வலியால் நாய் அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திவிடும். மெல்லாத பக்கத்தில் ஊத்தை உராய்ந்து போகாமல் தங்கிக் காரையாக இறுகும். அதனால்தான் இடது பக்கம் மட்டும் அவ்வளவு காரை. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் காரை இருந்தால், அதிகமாக உள்ள பக்கத்தில் நாய்க்கு ஏதோ நோகிறது என்று சந்தேகிக்கலாம். ஐப்பசியிலேயே அந்த அடையாளம் என் கண் முன்னால் இருந்தது. நான் அதைச் சுரண்டி எறிந்திருந்தேன்.

வீமன் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை. தட்டை நக்கித் துடைத்தான். நாய் வாய்வலியைச் சத்தமிட்டுக் காட்டாது, சாப்பாட்டையும் எளிதில் விடாது. பின்னோக்கி யோசித்தால் சின்னச் சின்ன மாற்றங்கள் நினைவுக்கு வந்தன. தலையை வலப்பக்கம் சரித்துத் தின்றான். காய்ந்த பாணை நீரில் போட்டுவிட்டு வந்து தின்றான். மகள் முகத்தைத் தடவினால் விலகிப் போனான்.

இரத்தப் பரிசோதனை செய்து, நாள் குறித்து, முதல் நாள் இரவு உணவு நிறுத்தி, மாசி நடுப்பகுதியில் சிகிச்சை நடந்தது. முழு மயக்கம், மூச்சுக்குழாயில் குழாய். மயக்கமில்லாமல் காரையை எடுத்துவிடுவோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்று அவர் விளக்கினார். விழித்திருக்கும் நாய் பல் முரசுக்கு, அதாவது ஈறுக்கு, கீழே கருவி வைக்க விடாது. நோய் இருப்பதோ முரசுக்குக் கீழேதான். மேலே தெரிவதை மட்டும் எடுத்தால் பல் வெள்ளையாகும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு உள்ளே கரைந்துகொண்டே இருக்கும். நான் உளியால் செய்தது அதைத்தான்.

மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் முரசின் ஆழத்தை அளந்திருந்தார். நாய்க்கு 3 மில்லிமீற்றர் வரை பிழையில்லை. வீமனுக்குப் பல இடங்களில் அதற்குள்தான் இருந்தது. உடைந்த பல்லையும் அதன் அயலையும் தவிர மற்றவற்றில் முரசு அழற்சி மட்டும். அழற்சி திரும்பிவிடும், கரைந்த எலும்பு திரும்பாது என்றார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிடுங்கிய பல்லைச் சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார். மூன்று வேர். ஒரே துண்டாக இழுக்க முடியாது என்பதால், வேர்களுக்கு இடையே அறுத்து மூன்று துண்டாக எடுத்திருந்தார். வெளியே தெரியும் பகுதியைவிட வேர் நீளம். பிளந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது, கரும்புள்ளி வேர்வரை போகும் துளை என்பது தெரிந்தது. ஊசி நுனி உள்ளே போனது.

காரை எடுத்த பிறகு எல்லாப் பற்களுக்கும் மெருகு போட்டதாகச் சொன்னார். இதை எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சீவிய பலகையைத் தேய்க்காமல் விட்டால் அழுக்கு எப்படிப் பற்றும் என்பது தச்சனுக்குத் தெரியும். என் உளி அந்தப் பல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டிருக்கும். அடுத்த காரை ஒட்டுவதற்கு நானே பிடிமானம் செய்து கொடுத்திருக்கிறேன். கையில் நல்ல கருவி உள்ள எவருக்கும் இந்த ஆசை வரும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், மேலே 20, கீழே 22. வீமனுக்கு இப்போது 41. தையல் கரைந்து முரசு மூடும்வரை இரண்டு வாரம் குழைந்த சோறும் மீனும் கொடுத்தோம். பங்குனித் தொடக்கத்தில் வைத்தியர் காயத்தைப் பார்த்துவிட்டு, "இனி நீங்கள் தீட்டத் தொடங்கலாம்" என்றார். இனி வருவது வீட்டு வேலை.

முதலில் பசை. மனிதப் பற்பசை நாய்க்கு ஆகாது. அதற்குத் துப்பத் தெரியாது, எல்லாம் வயிற்றுக்குள் போகும். அதில் உள்ள புளோரைட்டும் நுரையும் கெடுதல். சில பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிற்றோல் நாயின் இரத்தச் சர்க்கரையைச் சடுதியாக வீழ்த்தும், ஈரலையும் கெடுக்கும், உயிரையே எடுக்கலாம். நாய்க்கென்றே செய்த பசை இருக்கிறது, விழுங்கினாலும் தீங்கில்லை. கல்முனையில் நான் தேடிய நாளில் கிடைக்கவில்லை. வைத்தியரிடம் கேட்டேன். "பசை சுவைக்குத்தான் அண்ணா, வேலை செய்வது தூரிகையின் நார். அவனுக்குப் பிடித்த எதையாவது தொட்டுத் தீட்டுங்கள்" என்றார்.

வீமனுக்குப் பிடித்தது சூடை மீன். கரைவலை இழுத்த காலையில் கடற்கரையில் வாங்கிய நான்கு சூடையை ஒரு கோப்பைத் தண்ணீரில் அவித்து, முள் ஒன்றுமில்லாமல் துணியால் வடித்தேன். உப்பு இல்லை. வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு, எனவே அவற்றின் வாடைகூட இல்லை. வடித்த நீரை ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்தேன். ஒரு தட்டில் பதினான்கு கட்டி, பதினான்கு இரவு. மாலையில் ஒரு கட்டியைச் சிரட்டையில் போட்டு வைத்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உருகியிருக்கும்.

முதல் நான்கு நாள் தூரிகையே இல்லை. பட்டறை வாசல் படியில் உட்கார்ந்து, மீன்நீர் தொட்ட விரலை நக்கக் கொடுத்து, அவன் நக்கும்போதே மறுகையால் உதட்டை ஒரு நொடி தூக்கி விட்டேன். அவ்வளவுதான். ஐந்தாம் நாள் விரலில் கோஸ் துணி சுற்றி வேட்டைப்பல்லை மட்டும் துடைத்தேன். துணியில் மஞ்சளாக ஊத்தை வந்தது. பத்தாம் நாளுக்குள் விரல் பின்பற்கள்வரை போனது.

பதினோராம் நாள் அவசரப்பட்டேன். குழந்தைகளுக்கான மிருதுவான பற்தூரிகை வாங்கி வந்து, மனிதருக்குச் செய்வது போல வாயைத் திறந்து பிடித்துத் தீட்டப் போனேன். வாயைப் பிளந்து பிடித்தால் எந்த நாயும் மிரளும். தலையை உதறி, தூரிகைத் தலையைக் கடித்து இரண்டாக்கிவிட்டு, மரக் குவியலுக்குப் பின்னால் போய்ப் படுத்தான். அன்றிரவு கூப்பிட்டும் வரவில்லை. மறுநாள் விரலை நக்கும் இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. ஐந்து நாள் வீண்.

வாயைத் திறக்கத் தேவையே இல்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். உமிழ்நீர்க் குழாய் திறப்பது மேற்கொடுப்புப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்பக்கத்தில். உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து முதலில் படிவது அங்கேதான். காரை அதிகம் வளர்வது பற்களின் வெளிப்பக்கத்தில், மேல்வரிசையில். உட்பக்கத்தை நாக்கு ஓரளவு துடைத்துக்கொள்ளும். ஆகவே வாய் மூடியிருக்க, உதட்டுக்கும் பல்லுக்கும் இடையே தூரிகையைச் செருகினால் போதும்.

ஆனால் கடைத் தூரிகையின் பிடி நேராக இருந்ததால், பின்னால் போகும்போது உதட்டு மூலையை இழுத்து நோகச் செய்தது. புதிய தூரிகை ஒன்றின் கழுத்தைக் கொதிநீரில் பிடித்து வளைத்தேன். முதலாவது சூடு போதாமல் வெடித்தது. இரண்டாவதை இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்து, மெதுவாக வளைத்து, குளிர்நீரில் தோய்த்தேன். நின்றது. பிடியில் பழைய சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றிக் கட்டினேன், மீன்நீர் பட்ட கையிலும் வழுக்காது. மூலைமட்டத்தின் பாதிக் கோணத்தில், அதாவது 45 பாகையில் நாரைச் சரித்து, பாதி நார் பல்லிலும் பாதி முரசு விளிம்பிலும் படும்படி சின்னச் சின்ன வட்டமாகத் தீட்டினேன். அழுத்தம் வேண்டாம். உளி தீட்டும் அழுத்தத்தில் பாதிக்குப் பாதிகூட அதிகம். பக்கத்துக்கு முப்பது நொடி.

முதல் வாரம் தூரிகையில் இரத்தம் ஒட்டியது. மகள் பயந்து நிறுத்தச் சொன்னாள். முரசு அழற்சியில் இரத்தம் வருவது இயல்பு, நிறுத்தினால்தான் கூடும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். எட்டாம் நாள் நார் வெள்ளையாகவே வந்தது. முரசின் விளிம்பில் ஓடிய சிவப்புக் கோடும் மங்கியது. ஊர் நாய்களின் முரசில் கருந்திட்டுகள் இருக்கும், அது பிறவி நிறம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல்லை ஒட்டிய விளிம்பு சிவந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மாமிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "மருமகன், நாங்கள் உமிக்கரியும் உப்பும் போட்டுத் தீட்டி வளர்ந்தவர்கள். நாய்க்கு வேப்பங்குச்சி கொடுத்தால் போதாதா?" என்றார். ஒரு குச்சியை முறித்தும் கொடுத்தார். வீமன் அதை மென்று விழுங்கிவிட்டான். கரி பல்லின் மேற்பரப்பைத் தேய்த்துக் கரடாக்கும், உப்பு வயிற்றுக்கு ஆகாது என்று சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. மூன்று நாள் கழித்து நான் தீட்டும்போது அருகே வந்து உட்கார்ந்து, வீமனின் தாடையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். என் மடியில் இருப்பதைவிட அவர் கையில்தான் அவன் அசையாமல் இருக்கிறான். அன்றிலிருந்து வேலை பாதியாகிவிட்டது.

ஒரு நாள் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பல்லில் ஊத்தை சில மணி நேரத்திலேயே படியத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் அது காரையாக இறுகிவிடும். இறுகிய பிறகு தூரிகைக்கு அசையாது. ஒரு நாள் விடலாம், மூன்று நாள் விடக்கூடாது. பட்டறையில் வேலை கூடிய வாரங்களில்கூட நான் ஒரு நாளுக்கு மேல் விடவில்லை.

எலும்பு முழுவதையும் நிறுத்திவிட்டேன். அவித்த எலும்பு முள்ளாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும், பச்சை எலும்பு பல்லைப் பிளக்கும். வைத்தியர் சொன்ன சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: மெல்லக் கொடுக்கும் பொருளில் பெருவிரல் நகத்தை அழுத்துங்கள், நகம் பதியவில்லையென்றால் நாய்க்குக் கொடுக்காதீர்கள். மரத்தின் வன்மையைத் தச்சர் நகத்தால் பார்ப்பதும் இப்படித்தான். முதிரையில் நகம் பதியாது. மாட்டுக் குளம்பிலும் மான் கொம்பிலும் பதியாது.

மருந்து விஷயத்தில் ஒன்று. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பரசிற்றமோலையோ இபுபுரொபனையோ கொடுத்துவிடாதீர்கள். பூனைக்குப் பரசிற்றமோல் ஒரு குளிசையே உயிரைப் பறிக்கும். நாய்க்கும் இபுபுரொபன் நஞ்சு. எங்கள் வீட்டுப் பூனைக்கு 30 பற்கள், அதற்கு இன்னும் தூரிகை எட்டவில்லை. கோஸ் துணியோடு நிற்கிறேன்.

நாயின் வாயில் கைவைக்கும் முன் இதை மனதில் வையுங்கள், எங்கள் நாட்டில் இதைச் சொல்லாமல் விட முடியாது. விசர் நோய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் போட்ட நாயில் மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள். அந்தக் கிருமி எச்சிலில் இருக்கிறது. நன்றாக இருந்த நாய் திடீரென்று வாயை மூட முடியாமல், எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நின்றால் பலரும் தொண்டையில் எலும்பு சிக்கியதாக நினைத்துக் கையை உள்ளே விடுகிறார்கள். விசர் நோயின் ஒரு வடிவம் அப்படியேதான் தெரியும். கைவிடாமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள். கடியோ கீறலோ பட்டால், எச்சில் கண்ணிலோ வாயிலோ திறந்த காயத்திலோ பட்டாலும், சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு (கண்ணையும் வாயையும் வெறும் நீரால்) பதினைந்து நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீமனின் தடுப்பூசி அட்டை பட்டறைச் சுவரில், அளவுகோலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

நேற்றுத் தொண்ணூறாம் நாள். ஆனி மாதப் புழுக்கத்தில் படியில் உட்கார்ந்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் இடது பக்கத்தைப் பார்த்தேன். பல் இருந்த இடம் இளஞ்சிவப்பாக மூடி, விரலால் தொட்டால் திண்ணமாக இருக்கிறது. வீமன் தொட விட்டான். முன்னும் பின்னும் உள்ள பற்களின் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று மட்டும், வலது பக்கத்திலும் அதே அளவு. இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதே எனக்குப் போதுமான செய்தி. இரவுச் சாப்பாட்டில் இருந்த கெட்டியான ரொட்டித் துண்டை எந்தப் பக்கத்தால் மெல்லுகிறான் என்று மகள் குந்தியிருந்து பார்த்தாள். "அப்பா, இரண்டு பக்கமும்" என்றாள்.

தூரிகையின் நார் விரியத் தொடங்கிவிட்டது. புதிய ஒன்றை இன்றிரவு வளைக்க வேண்டும். தட்டில் இரண்டு கட்டிதான் மீதி, காலையில் கரைவலை இழுத்தால் மாமி சூடை வாங்கி வருவார்.